கண்ணில் ஒற்றிய குதிரை

எனக்குப் பக்தி கொஞ்சம் அதிகம். பஸ்ஸில் ஏறினால் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுவேன். பரீட்சைத் தாளையும் விடமாட்டேன். (விடை தெரியாதவனுக்கு வேறு என்னதான் வழி?) அந்தப் பழக்கம் ஒருமுறை தமயந்தி அக்காவின் கோப்பையையே பறித்துவிட்டது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படித்தேன். எங்கள் சதுரங்க அணித் தலைவி தமயந்தி அக்காவுக்கு அது கடைசி வருடம், கடைசிப் போட்டி. கோப்பை வைக்க வீட்டு அலுமாரியில் இடம் ஒதுக்கிவிட்டு, அவருடைய அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகாமல் புசல்லாவையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்.

எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு தொடக்கம். ராஜாவுக்கு முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி ஆரம்பிப்பது. ஒரு மாதம் குளிக்கும்போதுகூட அதைத்தான் மனப்பாடம் செய்தேன்.

கடைசிச் சுற்றில் எனக்கு வெள்ளைக் காய்கள். எதிரே யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர். அவர் ஆட்ட மணிக்கூட்டை அமுக்கியதும் என் கை தானாக நீண்டது. ராஜாவைத் தொட்டால் சரிந்துவிடுவாரோ என்று பயந்து, குதிரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினேன்.

"தம்பி, குதிரையைத் தொட்டிட்டீர். இனி அதைத்தான் நகர்த்தவேணும்."

"ஐயோ, சாமி கும்பிட்டேங்க!"

"ஓம், கும்பிட்டது சரி. இப்ப நகர்த்தும்."

நடுவரும் தலையாட்டினார். (ராஜாவைத் தொட்டிருந்தால் தப்பித்திருப்பேன். ஆரம்பத்தில் அவருக்கு நகர இடமே கிடையாது.) குதிரையை வெளியே வைத்தேன். அதோடு விட்டேனா? அடுத்த முறை அதே குதிரையைப் பழைய கட்டத்துக்கே கொண்டுபோய் வைத்தேன். அப்போதுதானே மனப்பாடம் செய்ததை முதலிலிருந்து ஆடலாம்! அதற்குள் அவர் இரண்டு சிப்பாய்களை நடுவில் நிறுத்திவிட்டார். இருபது நிமிடத்தில் என் கதை முடிந்தது.

குதிரையில் தொடங்குவதும் நல்ல தொடக்கம்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

அக்கா தன் ஆட்டத்தை வென்றார். நான் சமன் செய்திருந்தாலே கோப்பை எங்களுக்கு. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். சதுரங்கம் தெரியாத அவர் அம்மாதான் என் முதுகைத் தடவி, "அழாதீங்க தம்பி. நீங்க ஒருத்தர்தான் சாமி கும்பிட்டு வெளையாடுனீங்க" என்றார். எனக்கு அழுகை இன்னும் கூடியது.

இப்போது அக்கா புசல்லாவையில் ஆசிரியை. அவர் வீட்டு அலுமாரியில், கோப்பைக்கு ஒதுக்கிய அதே இடத்தில், ஒரு வெள்ளைச் சதுரங்கக் குதிரை நிற்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் அக்காவும் அம்மாவும் கதை சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். போன மாதம் அங்கே போனபோது அதைத் தூசி தட்டலாம் என்று கை நீட்டினேன். அடுப்படியிலிருந்து அம்மா சத்தம் போட்டார்:

"தம்பி, தொட்றாதீங்க! தொட்டா நகர்த்தணுமாம்!"