அடிக்கோடிட்ட வி

விரல்களுக்கென்று தனியாக ஒரு மூளை இருக்கிறது. அது தலையில் இருக்கும் மூளையைக் கலந்துகொள்வதே இல்லை. திருமழிசை தொழிற்பேட்டையில் ஒரு வால்வு கம்பெனியின் ஏசி அறையில்தான் இது எனக்கு விளங்கியது. (செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போனேன். அன்றைக்குக் கோயிலுக்கு அடுத்து அந்த மரியாதை கம்ப்யூட்டருக்குத்தான்.)

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கொரட்டூரில் ஒரு மாடியறை கம்ப்யூட்டர் சென்டரில் வேர்ட்ஸ்டார் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அதற்கு மவுஸ் தேவையில்லை. கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு ஓர் எழுத்தைத் தட்டினால் சகலமும் நடக்கும். எஸ் தட்டினால் கர்சர் ஓர் எழுத்து இடப்பக்கம் போகும். ஏ தட்டினால் ஒரு சொல் பின்னால் போகும். யு தட்டினால் செய்த தப்பு ரத்தாகும். கண்ணை மூடிக்கொண்டே செய்வேன். மாணவிகள் இருந்தால் நிஜமாகவே கண்ணை மூடிக்கொள்வேன், அவ்வளவு முற்றியிருந்தது. எந்த ஸ்கூட்டரானாலும் பிரேக் காலடியில்தானே, கம்ப்யூட்டரும் அப்படித்தான் என்பது என் சித்தாந்தம்.

விண்டோஸ் வந்தபின் சென்டருக்கு ஆள் வருவது நின்றது. மூடப்போகிறோம் என்று முதலாளி சொல்லிவிட்டார். எனக்கு உடனடியாக ஒரு வேலை வேண்டும். அக்கா வீட்டுக்காரர் லூர்து மாமா அந்த வால்வு கம்பெனியில் சூப்பர்வைசர். அங்கே இன்னொரு டைப்பிஸ்ட் தேவை என்றதும் மேனேஜரிடம் என்னைப் பற்றி ஏகத்துக்கு அளந்துவிட்டார். சேக்காட்டிலிருந்து அவர் வண்டியில் போகும்போது சொன்னார்: "மச்சான், உன்னப் பத்தி ஓவரா சொல்லி வச்சிக்கீறேன். கம்முனு போயி வேலையக் காட்டு. வாயத் தொறக்காத."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மேனேஜர் அவசரத்தில் இருந்தார். ஒரு பெரிய பார்ட்டிக்கு அன்று பிற்பகலே கொட்டேஷனை நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். டைப்பிஸ்ட் ரோஸ்லின் காலையிலிருந்து விண்டோஸில் அடித்து அப்போதுதான் முடித்திருந்தார். முதல் பக்கத்தில் மட்டும் ஆங்கிலத்தில் 'வால்வ்' என்பது 'வேல்யூ' என்று விழுந்திருந்தது. வி வரவேண்டிய இடத்தில் யு.

"அந்த ஒரு எழுத்த மாத்துங்க தம்பி. அதுதான் உங்களுக்கு டெஸ்ட்டு" என்று சொல்லிவிட்டு மேனேஜர் காரை எடுக்கச் சொல்லப் போனார்.

"மவுஸால அங்க கிளிக் பண்ணிக்கோங்க" என்றார் ரோஸ்லின்.

"நமக்கு அதெல்லாம் தேவைப்படாதுங்க" என்றேன். அவர் டிபன் பாக்ஸோடு சாப்பிடப் போனார்.

கர்சர் அந்தச் சொல்லின் முடிவில் நின்றது. சொல்லின் தொடக்கத்துக்குப் போகக் கண்ட்ரோல் ஏ தட்டினேன். கொட்டேஷன் மொத்தமும் கறுத்துவிட்டது. விண்டோஸில் ஏ என்றால் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிப்பது என்று எனக்கு யார் சொன்னார்கள்? ரத்து செய்ய யு தட்டினேன். இங்கே யு என்றால் அடிக்கோடு. மொத்தத்துக்கும் அடிக்கோடு விழுந்தது. விண்டோஸ்காரன் அலங்காரப் பிரியன்போலும் என்று நினைத்துக்கொண்டு, வந்த வேலையைப் பார்ப்போமென்று கண்ட்ரோலை விட்டுவிட்டு வெறும் வி தட்டினேன்.

கறுத்திருந்ததெல்லாம் மறைந்து, வெள்ளைத் திரையின் மூலையில் அடிக்கோட்டோடு ஒரு வி மட்டும் நின்றது.

கொட்டேஷன் இடப்பக்கம் ஒதுங்கியிருக்குமோ என்று எஸ் தட்டினேன். இங்கே எஸ் என்றால் சேமிப்பது. அந்த வியை நாலைந்து தரம் பத்திரப்படுத்தினேன். அப்படியானால் மேலேயோ கீழேயோ போயிருக்க வேண்டும். வேர்ட்ஸ்டாரில் கீழே பார்க்க இசட், மேலே பார்க்க டபிள்யூ. இசட் தட்டியிருந்தால் போனதெல்லாம் திரும்பி வந்திருக்கும். நான் டபிள்யூ தட்டினேன். விண்டோஸில் அது கடையை மூடும் கீ. வியும் போய்விட்டது.

வாசலிலிருந்து லூர்து மாமா எட்டிப் பார்த்தார். "இன்னா மச்சான், முடிஞ்சிச்சா?"

"முடிஞ்சிடுச்சி மாமா" என்றேன். அதில் பொய் ஒன்றுமில்லை.

மேனேஜர் திரும்பி வந்து "பிரிண்ட் போடும்மா" என்று குரல் கொடுக்க, ரோஸ்லின் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தார். ஈரக் கையோடு ஃபைலைத் திறந்த வேகத்திலேயே பிரிண்ட் கொடுத்துவிட்டார். ஒரே ஒரு தாள் வந்தது. மேனேஜர் அதை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு மாமாவிடம் நீட்டினார்.

"என்ன லூர்து இது?"

மாமா வெகுநேரம் பார்த்தார். "எழுத்து கரெக்டாத்தான் கீது சார்."

ரோஸ்லின் திட்டவில்லை. "காலையிலேர்ந்து அடிச்சிகினு கெடந்தேங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, மறுபடி முதல் வரியிலிருந்து அடிக்க உட்கார்ந்தார். அவருடைய டிபன் பாக்ஸ் திறந்தபடியே கிடந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது. மேனேஜர் கிளம்பும்போது வெயில் சாய்ந்துவிட்டது. வேலையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

திரும்பும்போது பூந்தமல்லியில் மாமா வண்டியை ஓரங்கட்டினார். அப்புறம் சொன்னார்: "வாயத் தொறக்காதன்னேன். கையத் தொறக்காதன்னு சொல்லாம உட்டுட்டேன் பாரு."

இன்று எந்த மென்பொருளைத் திறந்தாலும் ஒரு வேலைக்கு அநேகமாக ஒரே கீதான். என் சித்தாந்தம் பலித்துவிட்டது, கொஞ்சம் தாமதமாக. வீட்டில்தான் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. என் பெயர் ஆ. ஜார்ஜ். சொந்தத்தில் எனக்குப் பெயர் 'வி' மாமா.

மாமாவின் மகள் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் என்ற இடத்தில் 'வி. ஜார்ஜ்' என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள், வி-க்குக் கீழே கோடு போட்டு. ஆவடி அச்சகத்துப் பையன் குழம்பிப்போய் போன் செய்தான். "சார், தாய்மாமா பேருல ஒரே ஒரு எழுத்துக்கு மட்டும் அடில கோடு கீது. நானே மாத்திடட்டா?"

"கைய வைக்காத நைனா" என்றார் லூர்து மாமா. "ஒரு எழுத்த மாத்தப் போனா இன்னா ஆவும்னு எங்க ஊட்ல எல்லாருக்கும் தெரியும்."