நூற்றுப்பதினேழாம் நம்பர் நோயாளி

பெரியமடு,
12.05.2012

அன்புள்ள மகள் டாக்டர் தக்சிகாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இரண்டு ஆடுகளும் நலம் என்றுதான் தொடங்க நினைத்தேன். யார் நலம் என்பதில்தான் ஒரு குழப்பம். போனில் சொன்னால் நடுவில் நீ பேசத் தொடங்கிவிடுவாய், அதனால் கடிதம்.

மீள்குடியேறிய ஊர்களுக்கு வரும் நடமாடும் கிளினிக்கின் பதிவுகளை எடுத்து, பெயர்களை நீக்கி, நம்பரை மட்டும் வைத்து ஆராய்ச்சி செய்வதாகப் போன கிழமை சொன்னாய். "நூற்றுப்பதினேழாம் நம்பர் ஒரு அதிசயமான ஆள் அப்பா. ஒரு மாசம் ஐம்பத்திரண்டு கிலோ, அடுத்த மாசம் எழுபத்தெட்டு. அவரைப் பற்றித் தனி அத்தியாயமே எழுதப்போறன்" என்றாய். நானும் பெருமையாக ஓம் ஓம் என்றேன். விடிந்ததும் மருந்து எழுதும் என் கிளினிக் கொப்பியை எடுத்தால், அட்டையில் 117.

பிள்ளை, அந்த எழுபத்தெட்டு கிலோ நம் பாலசிங்கம் மாமா. இடம்பெயர்ந்தபோது அவருடைய கொப்பி தொலைந்துவிட்டது. புதிது எடுக்க, அவர் இருந்த அகதி முகாமின் கிளினிக் கடிதம் வேண்டுமாம், முகாமையோ மூடிவிட்டார்கள். கடிதம் வரும்வரை சீனி வியாதி பொறுத்திருக்குமா? அதனால் ஒரு மாதம் நான் பிரஷர் குளிசைக்கு, மறுமாதம் அவர் சீனிக் குளிசைக்கு, ஒரே கொப்பியோடு போய்வந்தோம். மாதத்துக்கு ஒரு புது டாக்டர் வருவதால் யாருக்கும் முகம் தெரியாது. ஒரு டாக்டர், "ஐயா, நல்லாத் தேறிட்டீங்கள்" என்று மாமாவைப் பாராட்டியிருக்கிறார். அடுத்தவர், "ஏன் இப்படி மெலிஞ்சுபோனீங்கள், வீட்டிலை சாப்பாடு இல்லையோ?" என்று என்னைக் கேட்டு விற்றமின் குளிசை எழுதித் தந்தார். அதைக் கேட்டு அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இதை நான் மறைத்தே இருப்பேன். ஆனால், "பங்குனியிலை அவருக்குச் சீனி நானூற்றுப் பன்னிரண்டு அப்பா, ஆரெண்டு தெரிஞ்சால் இண்டைக்கே ஆஸ்பத்திரி வாட்டிலை போடுவன்" என்று சொன்னபோது உன் குரல் உடைந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை. அது பாலசிங்கம் மாமாதான். திங்கட்கிழமை பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறேன். அவரை ஏசாதே, புதுக் கொப்பி ஒன்றுக்கு வழி பார். உன் அத்தியாயம் கெட்டதற்கு அப்பாவை மன்னித்துவிடு. எனக்கு ஒரு குறையும் இல்லை, வீணாகக் கவலைப்படாதே.

கேதீச்சரத்தான் உன்னையும் உன் நோயாளிகளையும் காக்கட்டும்.

அன்பு அப்பா,
கதிர்காமு

பி.கு.: ஒட்டுமுன் கடிதத்தைப் பாலசிங்கம் மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பங்குனியிலை நான் மகள் வீட்டிலையெல்லோ நிண்டனான். அந்த மாசம் நீதானே போனனி?" என்கிறார். யோசித்துப் பார்த்தால், அன்று என் விரலில்தான் குத்தினார்கள். பயத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன், என்ன பார்த்தார்கள் என்று கேட்கவில்லை. அம்மா என் சறத்தையும் சட்டையையும் மடித்துப் பையில் வைக்கிறாள். திங்கட்கிழமை வருவது நான்தான் பிள்ளை. நூற்றுப்பதினேழின் பெயர் உனக்குத் தெரியக்கூடாது என்றால், அப்பா என்றே கூப்பிடு.