பலகை அக்கா பூட்ஸ் வாங்கிய கதை

பெங்களூரில் கோபக்காரர்களுக்குக் குறைவில்லை. சிக்னலுக்கு ஒருவர், தண்ணீர் லாரி வராத தெருவுக்குப் பத்துப் பேர் என்று எங்கும் கிடைப்பார்கள். ஆனால் இந்த நகரத்தில் ஷட்டர் திறந்திருக்கும் எல்லா ஷூ கடைகளோடும் சண்டை போட்டு முடித்த ஒரே மனுஷி எங்கள் பலகை அக்காதான். இதை நான் எங்கே வேண்டுமானாலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவேன்.

பொம்மனஹள்ளியில் நான் தங்கியிருந்த பி.ஜி. என்கிற பெண்கள் விடுதியில் அவர் என் அறைத்தோழி. சொந்த ஊர் தர்மபுரிப் பக்கம். "இது என்ன காலா, உக்கார்ற பலகையா" என்று ஒருநாள் அவரே கத்தப்போய், பேர் ஒட்டிக்கொண்டது. பேரில் பொய்யில்லை, பாதம் அவ்வளவு அகலம். பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் தம்பிகள் மாதிரி விரல்கள் ஐந்தும் தனித்தனியாக விலகி நிற்கும். குளித்துவிட்டு அவர் நடந்துபோன ஈரத் தடத்தைப் பார்த்து, புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி யாரோ ஆம்பளை உள்ளே புகுந்துவிட்டான் என்று ஓனர் அம்மாவை எழுப்பியிருக்கிறாள்.

அக்காவுக்கு வேலை கஸ்டமர் கேரில். பகல் முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாதவர்களின் வசவையெல்லாம் தேன் குரலில் வாங்கிக்கொள்வார். சாயங்காலம் ஹெட்போனைக் கழற்றியதும் அவரே கஸ்டமர் ஆகிவிடுவார். அப்புறம் ஊரில் யாருக்கும் நிம்மதி கிடையாது.

ஒருமுறை ஆபீஸ்காரர்கள் அவரைச் சாவனதுர்கா மலைக்கு அழைத்துப் போனார்கள். விலை உயர்ந்த ஷூ போட்டவர்களெல்லாம் பாறையில் வழுக்கி உட்கார, அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு முதல் ஆளாக உச்சிக்குப் போய்விட்டார். அன்று தொற்றியது மலைப் பைத்தியம். லீவைச் சேர்த்து வைத்து இமயமலையில் ஒரு மலையேற்றப் பயிற்சிக்குப் போனார்.

அங்கேதான் வினை. பனியில் வெறுங்காலோடு நடக்க முடியாது. அடியில் இரும்புப் பற்களை மாட்டி ஏறுவதற்கென்றே ஒரு பூட்ஸ் கொடுப்பார்கள். கட்டை மாதிரி விறைப்பாக இருக்கும். கால்தான் அதற்கு அடங்கிப் போகவேண்டும். அக்காவின் கால் யாருக்கு அடங்கியது? நகமெல்லாம் கறுத்து, விரலெல்லாம் புண்ணாகிப் பாதியிலேயே இறக்கிவிட்டார்கள். பயிற்சி கொடுத்தவர் குனிந்து பார்த்துவிட்டு, இந்தக் கால் மலைக்கு லாயக்கில்லை என்று சொல்லிவிட்டாராம்.

"எனக்கு மூச்சு வாங்குச்சா? மயக்கம் வந்துச்சா? பூட்ஸ் சரியில்லடி. அதுக்கு என் காலைக் குத்தம் சொல்றான்" என்று திரும்பி வந்த நாளிலிருந்து பொருமினார். அந்த ஆளை மறுபடி பார்த்தால் என்ன கேட்கவேண்டும் என்று ஒரு வசனமே தயார் செய்து, துணி துவைக்கும்போதெல்லாம் ஒத்திகை பார்த்தார். எங்கள் மாடியில் அவ்வளவு வெளுப்பாக வேறு யார் துணியும் இருந்ததில்லை.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அந்தப் பயிற்சிக்கு வயது வரம்பு உண்டு. அடுத்த முறை விட்டால், அப்புறம் அக்காவுக்குக் கிடையாது.

கடை கடையாகப் போனோம். முதல் கடையிலேயே விற்பனைப் பையன் சொன்னான்: "மேடம், ரெண்டு சைஸ் பெரிசா எடுத்துக்கங்க."

"நான் நீளம் கேக்கல தம்பி. அகலம் கேக்கறேன்."

"பரவால்ல மேடம், முன்னாடி கொஞ்சம் பஞ்சு வச்சுக்கலாம்."

"பஞ்சு வைக்கறது பொணத்துக்குப்பா. நான் உயிரோட போயி உயிரோட வரணும்."

அடுத்தது மாலுக்குள் இருந்த பெரிய கடை. ஷூவைச் சோதித்துப் பார்க்க அங்கே ஒரு சின்னச் செயற்கைப் பாறைகூட வைத்திருந்தார்கள். விற்பனைப் பெண், "போகப் போக லூசாயிடும் மேம்" என்றாள். "அப்படியா, சரி. லூசாகட்டும்" என்று அக்கா அந்தப் பாறையில் ஏறி இறங்க ஆரம்பித்தார். நிற்கவே இல்லை. குழந்தைகள் வேடிக்கை பார்த்தன. நான் ஜூஸ் குடித்துவிட்டு வந்தேன். கடைசியில் மேனேஜரே வந்து, "மேடம், அங்கடி க்ளோஸ் மாடபேக்கு" என்று, கடையைச் சாத்தவேண்டும் எனக் கன்னடத்தில் கெஞ்சினார். "மாடி சார், தாராளமா சாத்துங்க. நிம் பூட்ஸ் மட்டும் இன்னும் லூசாகல" என்றார் அக்கா, பாறை உச்சியில் நின்றபடி.

எனக்கும் கோபம் வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். கால் என்றால் இவர்களுக்கு நீளம் மட்டும்தானா? பெண்கள் மாடல் என்று ஊசி மாதிரி ஒன்றைச் செய்து, ஓரத்தில் ரோஸ் கலர் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். ரோஸ் கலர் கேட்டது யார்? ஆண்கள் மாடலிலோ முன்பக்கம் இடித்தது, குதிகால் கழன்றது. ஒரு கடையில் "மேடம், நீங்க சாண்டல் ட்ரை பண்ணலாமே" என்று சொன்னவனை நானே அடித்திருப்பேன்.

ஆன்லைனில் வாங்கினார். வந்தது, சேரவில்லை, திருப்பினார். மறுபடி வந்தது, மறுபடி திருப்பினார். பிறகு போன் போட்டார். எதிர்முனையில் தேன் குரல் ஒன்று, "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்றது.

"நீ வருந்தலம்மா. நானும் இதே வேலைதான் பாக்கறேன். நானும் வருந்தறதில்ல" என்றார் அக்கா. "இப்ப என்னை ஹோல்டுல போட்டுட்டு டீ குடிக்கப் போற. போயிட்டு வா. நான் இருக்கேன்."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். பூட்ஸ் மட்டும் கிடைக்கவில்லை.

கடைசியில் யாரோ சொல்லி லிங்கராஜபுரத்தில் ஒரு சின்னக் கடைக்குப் போனோம். மலையேறுகிறவர்களுக்குக் கூடாரம், கயிறு, பூட்ஸ் எல்லாம் வாடகைக்குத் தரும் கடை. அக்கா வழக்கம்போல் வாசலிலேயே சண்டைக்குத் தயாராகி நுழைந்தார். வரிசையாகப் போட்டுப் பார்த்துத் தள்ளினார். மூலையில் தூசி படிந்து கிடந்த ஒரு ஜோடியை அவர் இழுத்தபோது கடைக்காரர் தடுத்தார்.

"அது வேணாம்மா. யாருக்கும் சேர மாட்டேங்குது. உள்ள கால் நீந்துதுன்னு திருப்பிக் குடுத்துடறாங்க."

அக்கா காலை விட்டார். கயிற்றை இழுத்துக் கட்டினார். எழுந்து நின்றார். சத்தமே இல்லை. அவரை அப்படி நான் பார்த்ததில்லை என்பதால் பயந்துபோய், "வலிக்குதாக்கா?" என்றேன். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். கண் கலங்கியிருந்தது.

அடுத்த நிமிஷம் கடைக்காரர் மேல் பாய்ந்தார். "இதை மூலையில போட்டு வச்சிருக்கீங்களே, வெளிய ஒரு போர்டு வைக்கக் கூடாதா?"

"என்னன்னும்மா வைக்கறது?"

"அகலக் கால்காரங்க உள்ள வரலாம்னு வைங்க."

அந்தப் பூட்ஸ் இங்கேயே மர்பி டவுனில் இருக்கும் ஒருவருடையதாம். எங்கும் கிடைக்காமல், வெளிநாட்டில் அளவு கொடுத்துச் செய்து வாங்கியது. முட்டி போய்விட்டதால் கடையில் கொடுத்துவிட்டார். அக்கா விடவில்லை. கடைக்காரரின் போனிலிருந்தே அவரை அழைக்க வைத்தார்.

"சார், உங்க காலும் இப்படித்தானா?"

அவர் அக்காவைவிடக் கோபக்காரர். போனைத் தள்ளிப் பிடித்தும் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. ஷூ கம்பெனிகளை இருவரும் மாற்றி மாற்றித் திட்டினார்கள். நான் கேட்டதிலேயே ஆனந்தமான சண்டை அதுதான். இரண்டு பேரும் ஒரே கட்சி. முடிவில் அவர் சொன்னார்: "எடுத்துட்டுப் போம்மா. ஆனா புதுசு மாதிரி பளபளன்னு திருப்பிக் கொண்டாந்துடாத. தேஞ்சு வரணும்."

அக்கா மறுபடி இமயமலைக்குக் கிளம்பிப் போனார். அங்கே சிக்னல் கிடையாது. பி.ஜி.யில் யாரும் கவலையை வெளிக்காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் ஓனர் அம்மா தினமும் சாப்பாட்டுக்கு நடுவே, "ஏனாயித்தோ, என்ன ஆச்சோ அவளுக்கு, போன் வந்துச்சா?" என்பார். நாங்கள் தட்டைப் பார்ப்போம்.

ஒருநாள் வந்தது. "அக்கா, முடிச்சிட்டீங்களா?" என்றேன்.

"முடிச்சிட்டேன்டி. மேல வரைக்கும் போயிட்டேன். பத்து நகமும் பத்திரமா இருக்கு. அதை விடு. அந்த ஆளு இருக்கானே, அதே ஆளு. நேராப் போயி முன்னாடி நின்னேன். அவனுக்கு என்னை ஞாபகமே இல்லடி."

"வசனம் பேசினீங்களா?"

"யார்கிட்ட பேசறது? பேர் என்னன்னு கேக்கறான். ஒரு வருஷமா திட்டியிருக்கேன், வீணாப் போச்சு. இதுல நல்லா ஏறறீங்கன்னு பாராட்டு வேற." மலையேறிய சந்தோஷம் குரலில் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினேன். கோபத்துக்கு அடியில் இருந்தது.

அந்த வாரக் கடைசியில், விடிந்தும் விடியாத நேரத்தில், கீழே தெருவில் ஒரே கூச்சல். ஆட்டோக்காரர் மீட்டருக்கு மேல் கேட்கிறார். ஒரு பெண் குரல் அவருடைய ஆட்டோவை, மீட்டரை, ஹோசூர் ரோட்டு மேம்பாலத்தை, மேம்பாலம் கட்டியவர்களை எல்லாம் வரிசையாக விசாரித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று எரிச்சலோடு படாரென்று சாத்திக்கொண்டது.

நான் போர்வையை உதறிவிட்டு, செருப்புகூடப் போடாமல் படியிறங்கி ஓடினேன்.