கட்டினவள் பாதி ஆரஞ்சு, வந்தவர் முழு ரயில்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான் மட்டும் நலம். உங்கள் தங்கை பெட்டியோடு அங்கே வந்துவிட்டதால் அவள் நலத்தை நீங்கள்தான் எழுத வேண்டும். வாயைத் திறந்தாலே வம்பாகிறது என்பதால் போன் செய்யாமல் எழுதுகிறேன்.

உங்கள் மருமகள், அதாவது என் மகள், விரும்பும் பையன் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறார்கள் என்பது தெரிந்ததே. அவன் அம்மா முதல் தடவையாக வருகிறாரே, ஊமை மாதிரி உட்கார்ந்திருக்க முடியுமா என்று, 'நாலு பேர் முன் பேச நறுக்கென்ற ஸ்பானிஷ்' என்றொரு புத்தகம் வாங்கினேன். பிடித்தது சனி. உயிருக்கு உயிரானவரை 'மேதியா நரான்ஹா' என்று கொஞ்ச வேண்டுமாம், அதாவது பாதி ஆரஞ்சு. சமையலறையில் உங்கள் தங்கையிடம் சொல்லிப் பார்த்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "மீதிப் பாதி எவளுக்கு?" என்றாள். அன்றே நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை.

அந்த அம்மாள் வந்து உட்கார்ந்ததும், ஆறாம் பாடம் பாராட்டுச் சொற்களிலிருந்து, "எஸ்தாஸ் கோமோ உன் திரென்" என்றேன். நீங்கள் ரயில் மாதிரி இருக்கிறீர்கள் என்று பொருள். முப்பத்தாறு வருடம் ரயிலில் கார்டாக இருந்தவன் இதைவிட ஒருவரை எப்படிப் புகழ்வான், நீங்களே சொல்லுங்கள். பையனுக்குப் புரையேறிவிட்டது, அந்த அம்மாள் முகம் சிவந்து விழுந்து விழுந்து சிரிக்கிறார், மகள் என் காதில், "அப்பா, அழகுல ஆளையே சாய்ச்சுடுறீங்கன்னு அர்த்தம்ப்பா!" என்றாள். காதில் சொன்னாள் என்றுதான் பேர், உங்கள் தங்கைக்கும் கேட்டுவிட்டது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காபியை நீட்டி, நன்றாக இருக்கிறதா என்று மகளை விட்டுக் கேட்டாள். அந்த அம்மாள் ஒரு வாய் குடித்துவிட்டு, "சீ! சீ!" என்றார். ஸ்பானிஷில் அது 'ஆமாம்' ஐயா, முதல் பாடத்திலேயே இருக்கிறது! கேட்டால்தானே? விருந்தாளிகள் படியிறங்கியதுதான் தாமதம், "கட்டினவ பாதி ஆரஞ்சு, வந்தவ முழு ரயிலு, என் காபி சீயா?" என்று பெட்டியைக் கட்டிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணத் தேதி பேச வருகிறார்கள். "அம்மா இல்லாம தேதியும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று மகள் அழுகிறாள். எனக்கும் அவள் இல்லாத வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. சர்க்கரை டப்பா எங்கே என்றுகூடத் தெரியவில்லை. நீங்கள்தான் எடுத்துச் சொல்லி அனுப்ப வேண்டும். புத்தகத்தைப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டேன். இனி செத்தாலும் என் வாயில் ஒரு ஸ்பானிஷ் வார்த்தை வராது, இது சத்தியம்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு ஆசிகளையும் தமிழிலேயே சொல்லவும்.

இப்படிக்கு,
ஒன்றும் புரியாத உங்கள் தங்கை கணவன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் மனசு கேட்காமல் அவளுக்கே போன் செய்துவிட்டேன். என்ன பேசுவதென்று தெரியாமல், "எஸ்தாஸ் கோமோ உன் திரென்" என்று வந்துவிட்டது. அவள் "சீ!" என்று வைத்துவிட்டாள். அது கோபச் சீயா, வெட்கச் சீயா, ஸ்பானிஷ் சீயா? நீங்கள் முகத்தைப் பார்த்திருப்பீர்கள். சனிக்கிழமை வண்டிக்கு அவளை அழைக்க நான் ஸ்டேஷனுக்கு வரலாமா என்று மட்டும் உடனே எழுதவும்.