சரியாக விளையாடுவது எப்படி

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர் எல்லா ஊரிலும் உண்டு. பள்ளியில் கற்றுக்கொடுக்க இனி ஒன்றும் மிச்சமில்லை என்ற நிலைக்குப் பிள்ளையைக் கொண்டுவந்த பிறகே அனுப்பும் பெற்றோர் தனி இனம். நீங்கள் பார்த்திருப்பீர்கள். பூங்காவில் ஊஞ்சலை ஆட்டிவிட்டுக்கொண்டே, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஓர் எண் சொல்ல வைக்கிறார்களே, அவர்கள்தான். ஆஸ்திரேலியாவின் பெண்டிகோ நகரத்தில் இந்த இனத்துக்கு ஒரு சங்கம் இருந்திருந்தால், டார்சி மெக்லீஷ் அதன் நிரந்தரத் தலைவராகியிருப்பார்.

அவருடைய மகள் டில்லிக்கு நான்கு வயது. கோடை விடுமுறை முடிந்ததும் கிண்டர்கார்டன். தெருவில் மற்ற அப்பாக்கள் கறி சுடும் அடுப்பைச் சுற்றி பியரும் கையுமாக நிற்க, டார்சி மட்டும் மகளை உட்காரவைத்து, சாப்பாட்டு டப்பாவைத் திறக்க, மூட, மூக்கைத் துடைக்க, வரிசையில் நிற்க, பொம்மையைப் பகிர்ந்துகொள்ள, பகிர்ந்துகொண்டபின் மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொல்ல என்று பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். ஸ்ட்ராபெரி கொடுத்தால் நிறமும் வடிவமும் சொன்ன பிறகுதான் வாயில் போடலாம். 'அவ சாப்பிடட்டும், விடு டார்சி' என்பாள் மனைவி ப்ரையனி. அவர் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பற்றி விளக்குவார். விளக்கம் முடிவதற்குள் பழம் வதங்கிவிடும்.

முதல் நாள் வந்தது. மாலையில் மகளை அழைத்துவரப் போன டார்சி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, டில்லி எப்படிச் செய்தாள் என்று ஆசிரியை கெர்ரியிடம் விசாரித்தார். பாராட்டை வாங்கிக்கொள்ள முகத்தைத் தயாராக வைத்திருந்தார்.

கெர்ரி அவரைச் சற்றுத் தள்ளி அழைத்துப் போனாள்.

"நல்ல பொண்ணுங்க. பிரஷ்ஷக் கையில குடுத்து, உனக்குப் பிடிச்சதை வரைம்மான்னேன். எந்தக் கலர் சரின்னு கேட்டா. எல்லாமே சரிதாம்மான்னேன். அழுதுட்டா."

இப்போது என்ன செய்ய வேண்டும் என்று டார்சி கேட்டார்.

"ஒண்ணும் செய்ய வேணாம். மண்ணுல விட்டுடுங்க. சும்மா விளையாடட்டும்."

ஒன்றும் செய்ய வேண்டாம்! அந்த இனத்தாரிடம் சொல்லக்கூடிய வார்த்தையா இது? ஆனாலும் மனிதர் ஆடித்தான் போனார். காரின் கண்ணாடியில் பார்த்தால், பின்னிருக்கையில் குழந்தை கையைக் கட்டிக்கொண்டு, அடுத்த கேள்விக்குக் காத்திருப்பவள்போல் உட்கார்ந்திருந்தாள். அன்றே எழுத்து அட்டைகளையெல்லாம் அள்ளிக் கார் கொட்டகையில் போட்டுப் பூட்டினார். ப்ரையனிக்குக் கண் கலங்கிவிட்டது. மனிதர் திருந்திவிட்டார் என்றே நம்பினாள், பாவம்.

சனிக்கிழமை ஒரு லாரி மணல் வந்து இறங்கியது. கொல்லையில், எலுமிச்சை மரத்தடியில், பலகை அடித்து டார்சி தொட்டி கட்டினார். நிழலுக்குத் துணி கட்டினார். டில்லிக்குத் தொப்பி வைத்து, வெயிலுக்குக் களிம்பு தடவி உள்ளே இறக்கினார். பிறகு தானும் இறங்கி மண்டியிட்டு, ஈர மணல் நிற்கும், உலர்ந்தது சரியும், வாளியை முக்கால் நிரப்பித் தட்டிக் கவிழ்க்க வேண்டும், சுதந்திரமாக விளையாடுவதற்கு அதுதான் முறை என்று ஆரம்பித்தார். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்த ப்ரையனி திரையை இழுத்து மூடினாள்.

டில்லி சொன்னபடியெல்லாம் செய்தாள். கோபுரம் வரிசையாக எழுந்தது. முடிந்ததும் முழங்காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, அப்பாவின் முகத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"அப்பா, நான் சரியா விளையாடினேனா?"

அந்த ஒரு நொடி டார்சிக்கு எல்லாமே விளங்கியிருக்க வேண்டும். மகளின் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"ரொம்ப நல்லா விளையாடினேடா கண்ணு. நாளைக்கு இன்னும் நல்லா வரும்."

சிரித்தாயிற்றா? நல்லது. பக்கத்தில் உங்கள் பிள்ளை இருந்தால், இதைப் படித்துக் காட்டி, இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

கேட்டுவிட்டீர்களா?