ரெண்டு பாக்கெட் பாலும் ஒரு முதல் மதிப்பீடும்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கு நான் சௌக்கியம். இது முதல் மதிப்பீடுதான், திருத்தத்துக்கு உட்பட்டது. அங்கு நீங்களும், மகளும், தொட்டிலில் இருப்பவனும், அவனைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கும் உங்கள் அத்தையும் சௌக்கியம்தானே? அத்தையை அனுப்பி வைக்கச் சொல்லி இதை எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கிளம்பும்போது அவள், "கொஞ்ச நாள்தான், வந்துடுறேன்" என்றாள். கல்லூரியில் பொருளியல் நடத்தியே தலை நரைத்தவன் நான். அதைக் குறுங்காலம் என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் பாடத்தில் குறுங்காலம் காலண்டரில் இல்லை. ஏதாவது ஒன்று மாறாமல் நிற்கும்வரை குறுங்காலம், எல்லாமே மாறிவிட்டால் நெடுங்காலம். மாறாமல் நிற்க ஒன்றாவது வேண்டுமே என்று, தினமும் வாங்கும் ரெண்டு பாக்கெட் பாலைப் பிடித்துக்கொண்டேன். பால்காரர், "அம்மாதான் இல்லையே சார், ஒண்ணு போதுமா?" என்றார். "ரெண்டே போடுங்க" என்றேன். தினமும் அவர் கேட்பதும் நான் ரெண்டு என்பதுமாகப் போகிறது. ஒன்றாகக் குறைத்தால் அவள் வரமாட்டாள் என்று நானே கணித்ததாகிவிடாதா? மிஞ்சியதைக் கொல்லையில் ஒரு பூனைக்கு ஊற்றினேன், அது நாலு பூனைகளைக் கூட்டிவந்தது. அளிப்பு தனக்கான தேவையைத் தானே உருவாக்கும் என்று வகுப்பில் தொண்டை கிழியக் கத்தியும் எந்த மாணவனும் நம்பியதில்லை. பூனைகள் நம்புகின்றன.

தினமும் மாலை ஆறு மணிக்கு அவள் போன் பண்ணுவாள். நேற்று கூடத்துக் கடிகாரம் ஐந்தே முக்கால் காட்டியது. நேரமிருக்கிறதே என்று உட்கார்ந்தேன். இருட்டியது. மழை மேகம் என்று ஒரு கருதுகோள் வகுத்தேன். கதவு தடதடவென்று தட்டப்பட்டது. திறந்தால் கழுத்தில் டேப்போடு பக்கத்து வீட்டுத் தையல்காரர். "இருக்கீங்களா சார்! நீங்க எடுக்கலைன்னு அம்மா பதறிப்போய் எனக்குப் பண்ணிட்டாங்க." போன் சட்டைப்பையில், சட்டை அழுக்குக் கூடையில். கடிகாரம் நின்றுபோயிருந்தது. பொருளாதார மந்தமும் இப்படித்தான், வந்து உட்கார்ந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். கடிகாரத்துக்கு இத்தனை நாளும் பேட்டரி மாற்றிவந்தது உங்கள் அத்தை என்பதும் நேற்றுதான் தெரிந்தது.

நானே கூப்பிட்டேன். "சாப்டீங்களா? நான் எப்ப வரணும்னு சொல்லுங்க" என்றாள். "அவசரமே இல்லை, புள்ளையைப் பாரு" என்று வைத்துவிட்டேன். பிறகு வீடு ரொம்பப் பெரிதாக இருந்தது. சொல்வதற்கென்ன வெட்கம், அழுதேன்.

மற்றபடி ஒரு குறையும் இல்லை. அத்தை எத்தனை மாதம் வேண்டுமானாலும் அங்கேயே இருக்கட்டும். குழந்தை நோய் நொடி இல்லாமல் வளரட்டும், நீங்கள் இருவரும் நூறாண்டு வாழ்க.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: மேலே உள்ளது முதல் மதிப்பீடு. திருத்திய மதிப்பீடு: நான் சௌக்கியமாக இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, அவள் இல்லை, அவ்வளவுதான். இன்று காலை பால்காரரிடம், "இனிமே வேண்டாம், நான் ஊருக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டேன். மாறாமல் நின்ற ஒன்றும் மாறிவிட்டதால் நெடுங்காலம் வந்துவிட்டது. அதில் தனியாக உட்கார எனக்குத் தெம்பில்லை. இதை பஸ் நிலையத்தில் எழுதுகிறேன். உங்கள் கைக்கு இது கிடைக்கும்போது நான் உங்கள் கூடத்தில் உட்கார்ந்திருப்பேன். எங்கள் துறையில் எந்தத் தகவலும் எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் வந்து சேரும். அத்தையிடம் பூனைத் தொல்லை தாங்காமல் வந்ததாகச் சொல்லியிருப்பேன். காட்டிக்கொடுத்துவிடாதீர்கள், மாப்பிள்ளை.