மூன்று புட்டி டானிக்கும் இருபது குடம் தண்ணீரும்

ஜனங்களை நம்பவைக்கும் வித்தையில் தன்னை மிஞ்ச மயிலாப்பூரில் ஆளே இல்லை என்பது கங்காதரனின் எண்ணம். அதற்குக் காரணமும் இருந்தது. பாண்டி பஜாரில் டானிக் விற்கும் காதர் பாய்க்கு விளம்பரம் எழுதுவது அவன் உத்தியோகம். முதலில் படிப்பவனை ஒரு மிரட்டு மிரட்டுவான். பிறகு அவன் பெண்டாட்டி பிள்ளைகளைக் காட்டிக் கண்கலங்க வைப்பான். கடைசியில், ஜமீன்தார்களே இதைத்தான் சாப்பிடுகிறார்கள் என்று ஒரு போடு போடுவான். சர்க்கரைப்பாகு கலந்த தண்ணீர் சக்கைப்போடு போட்டது.

அந்த மாதம் காதர் பாய்க்குப் புதிதாக ஓர் ஆசை. டானிக் சாப்பிட்டுக் குணம் கண்டவர்களின் நற்சாட்சிக் கடிதம் வேண்டுமாம். 'ஒரு மாது' என்று மொட்டையாகப் போட்டால் இப்போது யாரும் நம்புவதில்லை, பெயரும் விலாசமும் நிஜமாக இருக்கவேண்டும் என்றார். குணம் கண்டவர் ஒருவரும் அகப்படவில்லை. ஆகவே கங்காதரன் தன் மனைவி தேசம்மாவின் பெயரையும் வீட்டு விலாசத்தையும் போட்டு, அவளிடம் மூச்சுவிடாமல், தானே எழுதிக் கொடுத்தான்.

"என் கணவர் சாய்வு நாற்காலியை விட்டு எழுந்திருக்கமாட்டார். மூன்று புட்டி சாப்பிட்டார். இப்போது தினமும் காலையில் கிணற்றிலிருந்து இருபது குடம் தண்ணீர் இறைக்கிறார்."

முதல் வாக்கியம் சத்தியம்.

கடிதம் பத்திரிகையில் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறன்று வெயில் ஏறும்வரை தூங்குவது கங்காதரனின் பிறப்புரிமை. தேசம்மா வந்து உலுக்கினாள். வாசலில் நிற்கிறவர்கள் பத்திரிகையைக் காட்டினார்கள், படித்துவிட்டேன் என்றாள்.

"மூணு பொம்பளைங்க வந்து கீறாங்க. நீ தண்ணி இறைக்கிறத பாக்கணுமாம்."

"ஊர்ல இல்லேன்னு சொல்லிடேன்."

"சொல்றேன். நேரா காதர் பாயாண்ட போய்க் கேப்பாங்க. உன் வேலை போனா எனக்கு இன்னா?"

கங்காதரன் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டான்.

"அதுல ஒரு பொண்ணு, பாவம், அழுதுகினு கீது. அவ வூட்டுக்காரனும் உன்ன மாதிரியே படுத்துகினே கீறானாம்."

போர்வை லேசாக அசைந்தது.

"ஆழ்வார்பேட்டையிலேர்ந்து மோட்டார்ல வந்து கீறாங்கய்யா. பெரிய வக்கீல் வூட்டம்மா."

மிரட்டல், கண்ணீர், பெரிய மனிதர். வரிசைகூட மாறவில்லை. இது கங்காதரனுக்கு உறைத்தபோது அவன் கையில் தாம்புக்கயிறு இருந்தது.

வந்தவர்கள் கிணற்றடியில் நின்று ஒவ்வொரு குடமாக எண்ணினார்கள். பன்னிரண்டாவது குடத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. இருபதாவது முடிந்ததும் வக்கீல் வீட்டம்மா திருப்தியோடு தலையாட்டினாள். நேரே பாண்டி பஜாருக்குப் போய் டானிக் வாங்கப்போவதாகச் சொல்லி மூவரும் மோட்டார் ஏறினார்கள். கங்காதரனுக்கு அழுகையே வந்தது.

இரவோடு இரவாக இன்னொரு கடிதம் தயார் செய்தான். பெயர் வேறு, விலாசம் தரமணியில். யார் வேண்டுமானாலும் அங்கே போய்த் தேடட்டும். மறுநாள் காலை முதுகைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போய் அதை நீட்டினான்.

காதர் பாய் அதைப் பிரித்தும் பார்க்கவில்லை. இதைவிட உயர்ந்த சரக்கு நேற்றே வந்துவிட்டது, அச்சுக்கும் போய்விட்டது என்றார். அவன் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த நேரத்தில் தேசம்மா சமையலறையில் உட்கார்ந்து எழுதி, வக்கீல் வீட்டம்மாவிடம் கொடுத்தனுப்பிய கடிதமாம். சொல்லிவிட்டு அதன் நகலை அவன் கையில் கொடுத்தார்.

"நான்காவது புட்டி சாப்பிட்டதிலிருந்து வீட்டுத் துணி முழுவதையும் என் கணவரே துவைக்கிறார். சந்தேகம் உள்ளவர்கள் எந்த ஞாயிற்றுக்கிழமையும் நேரில் வந்து பார்க்கலாம்."